அண்ணன் கைக்குள் இருந்த தெரு

தச்சநல்லூரில் எங்கள் தெருவுக்கு என் அண்ணன்தான் கட்சி. வட்டச் செயலாளர் பதவி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அது அவரிடம் இருந்தது. என் மகனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் இருந்தது. தேர்தல் வந்தால் வேட்பாளர் முதலில் அண்ணன் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார். அண்ணன் காப்பி கொடுத்து, "தெரு என் கைக்குள்ள இருக்கு. நீங்க அடுத்த தெருவைப் பாருங்க" என்பார். வேட்பாளர் அடுத்த தெருவுக்குப் போவார். அங்கேயும் ஒருவர் காப்பி கொடுத்து இதையே சொல்லுவார். ஒரு கட்சி இப்படித்தான் ஊரைத் தெரிந்துகொண்டது.

எனக்கு எதிர் வீடு. வீட்டு முன்னறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். தெருவில் நடப்பதெல்லாம் கடையில் உட்கார்ந்தாலே கண்ணில் படும். இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் முன்னால் நடந்தார். பின்னால் மாலை போட்ட வேட்பாளர். என் பக்கத்து வீட்டுக்காரி சவூதியில் வேலை பார்ப்பவரின் மனைவி. அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துப் பேசாமல், அவள் வீட்டைக் கையால் காட்டி அண்ணன் சொன்னார்: "இந்த நாலு வீடும் பாய்மார் வீடு. கேக்கவே வேண்டாம், நமக்குத்தான்." வேட்பாளர் அவளைக் கும்பிடக்கூட இல்லை. கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே.

அன்று சாயங்காலம் அவள் மிக்சியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, எங்க ஓட்டெல்லாம் பள்ளிவாசல் உண்டியல்லயா கிடக்கு, ஒத்தச் சாவியப் போட்டுத் திறக்க?" என்றாள். "எங்க வீட்லயே மாமியாருக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி. மக காலேஜ்ல படிக்கா, அவ எதையுமே சொல்ல மாட்டுக்கா."

"அவங்ககிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எங்க கேட்டாவ?"

முடிவு வந்த அன்று, எண்ணுகிற இடத்திலிருந்து அண்ணனுக்கு போன் வந்தது. எங்கள் தெரு ஓட்டுப் போட்ட சாவடியில் கட்சிக்கு மூன்றாவது இடம். அண்ணன் போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெரு வழக்கம்போலத்தான் இருந்தது. சாக்கடை பொங்கி, மழை பெய்யாமலே ஈரமாக இருந்தது. ஓட்டுக் கேட்டு வந்த மூன்று கட்சிக்காரர்களிடமும் சொல்லிவிட்டோம்; மூன்று பேரும் அதைத் தாண்டிக் குதித்துத்தான் ஓட்டுக் கேட்டார்கள்.

ஏன் தோற்றோம் என்று கண்டுபிடிக்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அண்ணனுக்குத் துணையாக நானும் போனேன். சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் திரையில் படம் காட்டினார். எங்கள் பகுதியைச் சாதி சாதியாக, மதம் மதமாகப் பிரித்து வண்ணம் பூசியிருந்தார். மளிகைக் கடையில் பருப்பைத் தனித்தனிச் சாக்கில் வைத்திருப்பதுபோல இருந்தது. இந்த நிறம் நமக்கு வரவேண்டியது, வரவில்லை. ஆகவே யாரோ துரோகம் செய்திருக்கிறார்கள் என்றார். ஜனம் மனசு மாறியிருக்கும் என்று அந்த மண்டபத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஜனத்துக்கு மனசு இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

கூட்டம் முடியும்போது அண்ணன் பதவி போய்விட்டது. எதிர்க்கட்சியிலிருந்து அப்போதுதான் தாவி வந்திருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் தனக்கு நல்ல செல்வாக்கு உண்டு என்று அவர் சொன்னாராம். அவரை எங்கள் தெருவில் நாங்கள் பார்த்தது கிடையாது.

வீட்டுக்கு வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மதினி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"தெருக்காரனுவ ஏமாத்திட்டானுவளே லே" என்றார் அண்ணன் என்னிடம். "என் வீட்டு ஓட்டு மட்டுந்தான் விழுந்திருக்கும் போல."

மதினி குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நம்ம வீட்டு ஓட்டும் விழல" என்றாள்.

"யாரு, மருமவளா?"

"அவ யாருக்குப் போட்டாளோ, நான் கேக்கல. நான் போடல."

அண்ணன் அவளையே பார்த்தார். "எதுக்கு?"

"பஸ்ஸு விட்டாவன்னு ஒரு தடவ போட்டேன். தண்ணி வரலன்னு அடுத்த தடவ போடல. இதுல எதுக்குன்னு என்ன இருக்கு?"

"அடுத்த தடவயா? எந்த தடவ?"

"போன உள்ளாட்சித் தேர்தல்லயும் நான் உங்க கட்சிக்குப் போடல."

அந்தத் தேர்தலில் அண்ணன் கட்சி ஜெயித்திருந்தது. மாவட்டத்திலிருந்து வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். தெருவையே அள்ளிக் கொடுத்தார் என்று மைக்கில் பேசினார்கள். அந்தப் போட்டோ சட்டம் போட்டு அவர் தலைக்கு மேலேதான் தொங்கியது. அண்ணன் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சோற்றை மிச்சம் வைக்கவில்லை.

இதிலிருந்து அவருக்கு ஏதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் வேறொரு கட்சிக்காரர்கள் வந்து அவரிடம் பேசினார்கள்; அவரும் சரி என்றுவிட்டார். அவர்களுக்கும் அந்தச் சாவடியின் கணக்கு தெரியும். ஆனாலும் ஒரு தெருவைக் கைக்குள் வைத்திருக்கும் ஆள் கிடைக்கிறார் என்றால் அவர்களுக்கும் ஆசை. திருச்செந்தூரில் ஒரு மண்டபத்தில் தலைவர் முன்னிலையில் இணைப்பு விழா, தெரு ஜனத்தோடு வாருங்கள் என்று சொல்லி வேன் அனுப்பினார்கள்.

வேன் நிறைந்துவிட்டது. அண்ணனுக்கே ஆச்சரியம். மதினி, பக்கத்துத் தெரு டீச்சர், பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் குளித்து, பூ வைத்து ஏறியிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டார். வேன் திருச்செந்தூர் போய் நின்றதும் எல்லோரும் இறங்கிக் கோயில் பக்கமாக நடந்தார்கள்.

"ஏலே, இவங்க எங்க போறாங்க?" என்றார் அண்ணன்.

"முருகனைப் பாக்கத்தான் வந்தோம்" என்றாள் மதினி. "நீங்க சேந்துட்டுப் பைய வாங்க. நாங்க நாழிக் கிணறுகிட்ட இருப்போம்."

மண்டபத்துக்கு அண்ணனும் நானும் மட்டும் போனோம். மேடையில் அவர் பெயரை வாசித்து, "ஆதரவாளர்கள் பெருந்திரளாக" என்று சேர்த்துக்கொண்டார்கள். பெருந்திரள் நான்தான். தலைவர் அண்ணன் தோளில் ஒரு துண்டைப் போட்டார், முகத்தைப் பார்க்காமலே. அண்ணனுக்கு முன்னால் நின்றவருக்கும் அப்படித்தான் போட்டார், பின்னால் வந்தவருக்கும் அப்படித்தான். கீழே நின்றிருந்த முக்கால்வாசிப் பேர் வேறு ஊர் வேன்களில் வந்தவர்கள்; அவர்களில் பலர் நெற்றியில் ஈர விபூதி இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் பெண்கள் கோயிலில் கொடுத்த பன்னீர் இலை விபூதியைப் பிரித்துப் பங்கு வைத்தார்கள். அடுத்த தடவை யாருக்குப் போடலாம் என்று டீச்சர் ஆரம்பித்தார். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. இந்த ஆள் வேண்டாம், அவன் பேசுவது பிடிக்கவில்லை, இவன் கட்சியில் நம் வார்டுக்குப் பொம்பிளை ஆள் நின்றால் யோசிக்கலாம், யார் சாக்கடைக்கு மூடி போடுகிறானோ அவனுக்குப் போடலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னது ஒன்றாக இல்லை. அண்ணன் முன் சீட்டில், புதுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோலச் சாய்ந்திருந்தார். அப்போதே ஒரு காதைத் திறந்து வைத்துக் கேட்டிருந்தால், அவர் புதுக் கட்சிக்கு உருப்படியாக ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.