ஒரு நூல் குறைந்த பிஸ்டன்

பெண்ணைப் பெற்றவன் வாயைக் கட்ட வேண்டும் என்பார்கள். என் வாய்க்குக் கட்டும் கிடையாது, பூட்டும் கிடையாது. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, சம்பந்தியாக வரவிருந்தவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், "கடை நேரம் போக என்ன செய்வீங்க?" என்று. விளக்குத்தூண் பக்கம் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன், "தூங்குவேன்" என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"நீராவி இன்ஜின் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். சின்னது, பலகை மேல நிக்கும்" என்றேன்.

அவர் கூட்ஸ் ரயில் டிரைவர். வாய்க்குப் போன கேசரி பாதி வழியில் நின்றது.

"ஓடுமா?"

"ஜம்முனு ஓடும்."

பலகை இருந்தது. செம்புத் தகட்டில் பாய்லர் இருந்தது. சக்கரம் இருந்தது. சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் போய்வர வேண்டிய பிஸ்டன் மட்டும் இல்லை. குதிரை இருக்கிறது, கால்தான் இல்லை என்பது போல.

"அப்ப வெள்ளிக்கிழமை தட்டு மாத்த வாரோம்ல, அன்னைக்கு ஓட்டிக் காட்டிருங்க" என்றார் டிரைவர், முகமெல்லாம் பல்லாக. பக்கத்திலிருந்த அவர் மனைவி அப்போதுதான் அந்த வெடியைப் போட்டார்: "இவுகளுக்குப் பொய் சொல்றவகளைக் கண்டா ஆகாது. போன சம்பந்தம் கூட அதுலதான் முறிஞ்சு போச்சு."

எனக்கு அடிவயிற்றில் ஆவி கட்டியது. இன்ஜினில் கட்ட வேண்டிய ஆவி.

மறுநாளே சிம்மக்கல் கடைசல் பட்டறைக்கு ஓடினேன். லேத் வைத்திருந்தவர் என்னைவிட இரண்டொரு வயது இளையவர். எனக்கு அவர் மாப்ள, அவருக்கு நான் அண்ணே. பித்தளையில் பிஸ்டன் கடைந்து கொடுத்தார். பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது, ஆனால் சிலிண்டருக்குள் நுழைய மறுத்தது. கொஞ்சம் பருமன். வியாழக்கிழமை காலை கடைக்குப் போகிற வழியில் பட்டறை வாசலில் நின்றபடியே பிஸ்டனையும் சிலிண்டரையும் நீட்டி, பெல்ட் ஓடுகிற சத்தத்தில் கத்தினேன்:

"ஒரு நூல் எடுத்துரு மாப்ள! ஒரே ஒரு நூல்!"

"சரிண்ணே!"

சாயங்காலம் போய் வாங்கி, அங்கேயே சிலிண்டருக்குள் போட்டுப் பார்த்தேன். போட்டேன் என்று சொல்ல முடியாது. அது தானே விழுந்தது. அண்டாவுக்குள் சுண்டைக்காய் போல உருண்டு, மறுபக்கமாக வந்து என் காலடியில் நின்றது.

"என்ன மாப்ள இது!"

"நீங்க சொன்னதுதாண்ணே. ஒரு நூல் எடுத்தேன். கூட ஒரு பொட்டு எடுக்கல, குறைச்சும் எடுக்கல."

அவர் சுவரில் சாய்த்திருந்த அளவுகோலை எடுத்துக் காட்டினார். இஞ்சை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்குக்குப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் நூல். என் பிஸ்டனே மொத்தம் ஆறு நூல். அதில் ஒன்றைச் சீவிவிட்டால் என்ன மிஞ்சும்?

"மாப்ள, நான் நூல் கடைக்காரன். நான் நூல்னு சொன்னா நூலு! தறியில ஓடுமே, அந்த நூலு! எண்பதாம் நம்பர் நூலு மாதிரி மெல்லிசா எடுக்கச் சொன்னேன்யா!"

"லேத்துப் பட்டறையில வந்து நூலுக்கு நம்பர் சொன்னா எப்படிண்ணே? நான் உங்க கடைக்கு வந்து அரை இஞ்சு நூல்கண்டு குடுங்கன்னு கேட்டேனா?"

"உனக்குச் சந்தேகமா இருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"சந்தேகமே வரலையேண்ணே. 'ஒரே ஒரு நூல்'னு அம்புட்டு உறுதியா கத்துனீங்களே!"

பட்டறையில் இருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்குக் கல்யாண வயதில் பெண் இல்லை போலிருக்கிறது.

புதிதாகக் கடையலாம் என்றால் அந்தப் பருமனுக்குப் பித்தளை தீர்ந்துவிட்டதாம். "வீட்டுல எதுனா இருந்தா கொண்டாங்க" என்றார். ஓடினேன். வீட்டில் பித்தளையாக இருந்ததையெல்லாம் கசாப்புக்கடைக்காரன் ஆட்டைப் பார்ப்பது போலப் பார்த்தேன். குத்துவிளக்கின் தண்டு சரியான பருமன். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். கடைசியில் வாசல் கதவின் பித்தளைக் குமிழைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"சம்பந்தி வர்ற வாசல்ல பல்லு விழுந்தாப்ல ஒரு ஓட்டை!" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள். "அவரு கேட்டா என்ன சொல்றது?"

"காத்தோட்டம்னு சொல்லு!"

இந்த முறை லேத்தின் பக்கத்திலேயே நின்றேன்.

"எம்புட்டு எடுக்கணும்ணே?"

அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "நீ எடு மாப்ள. நிறுத்துன்னு நான் சொல்றேன்."

அவர் உளியைத் தொட்டாலே நிறுத்து என்றேன். தொடாதபோதும் சொன்னேன். அவர் தும்மியதற்கும் ஒருமுறை சொன்னேன். "நீங்க இருந்தா வேலை ஆகாது, கொண்டுபோய்த் தேச்சுக்கங்க" என்று கையில் திணித்து அனுப்பிவிட்டார். மறுபடியும் பருமன்.

வெள்ளிக்கிழமை காலை, கரை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, உப்புத்தாளால் பிஸ்டனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த மகள் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:

"அப்பா, என் கல்யாணத்தை இந்தப் பித்தளைத் துண்டுலயா தொங்க விட்டிருக்கீங்க?"

"துண்டு இல்லம்மா, பிஸ்டன்."

"அது ரொம்ப முக்கியம்."

பிஸ்டன் உள்ளே போய், சிக்காமல் நகர ஆரம்பித்தபோது வாசலில் ஜட்கா வந்து நின்றது. மிச்ச சாமான்களை எப்படிப் பூட்டினேன் என்று மதுரை மீனாட்சிக்குத்தான் தெரியும். கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்.

இராகுகாலத்துக்கு முன்பே தட்டை மாற்றிவிட வேண்டும் என்று பெண்கள் பரபரத்தார்கள். டிரைவர் கேட்கவில்லை. "முதல்ல இன்ஜினு" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டுவிட்டார். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். தண்ணீர் கொதித்தது. மூடியோரம் புஸ் என்றது. சக்கரம் அசையவில்லை.

"இது எந்தத் தண்ணி?" என்றார் டிரைவர்.

"கிணத்துத் தண்ணிங்க."

"அதான். உப்புத் தண்ணிக்கு இன்ஜின் முறைச்சுக்கும்."

அவர் என் வயிற்றில் பால் வார்த்தார். ஆனால் அவர் மனைவி என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் போன சம்பந்தம் முறிந்த கதை முழுக்க எழுதியிருந்தது. டிரைவர் விரலால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். டக் என்றது. டக், டக் என்றது. பிறகு டகடகவென்று ஓடவே ஆரம்பித்துவிட்டது!

கூத்தாடியிருப்பேன். அதற்குள் அந்த அம்மாள், "ஏங்க, இது பின்னால சுத்துதே?" என்றார்.

சுற்றியது. அவசரத்தில் ஆவி விடும் தண்டை மாற்றிப் பூட்டியிருக்கிறேன். நல்ல காரியத்துக்கு உட்கார்ந்த இடத்தில், எல்லார் கண்ணெதிரிலும், முழு மூச்சாகப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளை எந்த ஊரில் யாருக்குக் கொடுப்பது என்று நான் புதிதாக யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"பின்னாலதான் சுத்தும்!" என்றார் டிரைவர், கண்ணை எடுக்காமல். "ஷெட்டுலேருந்து வண்டியக் கோக்கப் போறப்ப ரிவர்ஸ்லதானடி போவோம்? இணைக்கிறதுக்கு வந்த இன்ஜினு பின்னால வராம?"

அவ்வளவுதான். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அவரும் என் மனைவியும் எங்களை எதிர்பார்க்காமல் தாங்களே தட்டை மாற்றிக்கொண்டார்கள். எனக்குக் கால் தரையில் பட்டது.

தண்ணீர் வற்றி இன்ஜின் ஓய்ந்ததும் டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சம்பந்தி, தப்பா நினைக்கக் கூடாது. நகை நட்டு நீங்க பாத்துச் செய்யுங்க, நான் ஒண்ணும் கேக்கல. சீர்ச்சாமானோட இதையும் வச்சுருங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"கல்யாணம் வரைக்கும் எதுக்குண்ணே? இப்பவே ஜட்காவுல வச்சுக் கொண்டு போயிருங்க. பலகையையும் சேத்து!"