ஆனி எண்ணெய், ஆடி எண்ணெய்

உந்து வண்டியின் பொறிக்குள் உள்ள எண்ணெயை எத்துணைக் காலத்திற்கு ஒருமுறை மாற்றுதல் தகும் என்று அண்மையில் ஒரு நண்பர் வினவினார். புதிதாக வண்டி வாங்கியவர், ஆர்வத்தோடு கேட்டார். நான் விடை கூறாமல் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிட்டேன். என் இளமையில் தென்காசிப் பக்கம் ஓடிய வண்டிகளுள், எங்கள் வீட்டு வண்டிக்கு மாற்றியதுபோல் அடிக்கடி எண்ணெய் மாற்றப்பட்ட வண்டி பிறிதொன்று இருந்திராது. மாதம் பிறக்குந்தோறும் ஒரே நாளில் இருமுறை மாற்றினர். அந்த வண்டிதான் எண்ணெய் இன்றிச் செத்தது.

எங்கள் வீடு என்று நான் கூறுவது என் மாமன்மார் இருவரின் வீடுகளை. தாயும் தந்தையும் மறைந்தபின் நான் அவர்கள் நிழலில் வளர்ந்தேன். என் தாய்வழிப் பாட்டனார் குற்றாலத்துச் சாரற்காலத்தை விருந்தினரோடு துய்ப்பதற்கென்று ஒரு மோட்டார் வண்டி வாங்கியிருந்தார். அக்காலத்து மக்கள் அதனைப் 'பிளசர்' என்றே வழங்கினர். அவர் மறைந்த பின்னர் வயல், தோப்பு, நகை, பாத்திரம் யாவும் இரண்டாகப் பிரிந்தன. கிணற்றையும் வண்டியையும் பிளக்க இயலவில்லை. எனவே பங்கு பிரித்துக் கொடுத்த ஊர்ப் பெரியவர்கள், இரண்டையும் முறை வைத்து ஆளும்படி தீர்ப்பளித்தனர். வண்டி ஒரு மாதம் பெரிய மாமாவுக்கு, மறுமாதம் சின்ன மாமாவுக்கு. மாதப் பிறப்பன்று பெரிய கோயிலில் உச்சிகாலப் பூசையின் மணி ஒலிக்கும்போது வண்டி முற்றத்தைக் கடந்து எதிர்க் கொட்டகைக்குச் செல்லும்.

யானும் பிளக்க இயலாத சொத்தாகவே இருந்தேன். வண்டி எந்த வீட்டில் நின்றதோ அந்த வீட்டில் எனக்குச் சோறு.

தீர்ப்பில் பெட்ரோல் அவரவர் செலவு என்றும், பழுது பார்த்தல் பொதுச் செலவு என்றும் இருந்தது. எண்ணெயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது பெட்ரோலைப் போன்றது என்பது பெரிய மாமாவின் கட்சி. பழுதைச் சார்ந்தது என்பது சின்ன மாமாவின் கட்சி. பட்டறைக்காரர், "ஆயிரம் மைலுக்கு ஒருக்கா மாத்துங்க, போதும்" என்று கூறியதை இருவருமே செவிமடுக்கவில்லை. தான் ஊற்றிய புது எண்ணெயில் உடன்பிறந்தான் ஒரு கல் தொலைவு ஓட்டுவதும் இருவருக்கும் பொறுக்கவில்லை. ஆகவே ஒரு வழக்கம் தோன்றிற்று. பாகப் பிரிவினையின்போது வண்டிக்குள் கிடந்த பழைய எண்ணெய் ஒரு மண் கலயத்தில் இறக்கி வைக்கப்பட்டது. அதற்குப் 'பொது எண்ணெய்' என்று பெயர். முறை முடிந்தவர் தம் எண்ணெயைத் தகரத்தில் வடித்துக்கொண்டு, பொது எண்ணெயை ஊற்றி வண்டியை ஒப்படைப்பார். முறை ஏற்றவர் அதனை மீண்டும் கலயத்தில் இறக்கிவிட்டுத் தம் தகரத்தை ஊற்றுவார். முற்றத்தின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் செல்லும் அந்தச் சில கணங்கள் மட்டுமே பொறி அக்கரிய குழம்பில் ஓடும். அதனால் ஆண்டுகள் சில தீங்கின்றிக் கழிந்தன.

போர்க்காலம் வந்தது. பெட்ரோலுக்கு அளவு விதித்தனர், எண்ணெயும் அரிதாயிற்று. பெரிய மாமா சனிதோறும் குற்றாலத்திற்குச் சென்று, உடல் முழுதும் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்க்கச் செய்து, அருவிக்கடியில் நிற்பவர். தகரத்து எண்ணெயையோ மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடுவார்.

சின்ன மாமாவின் துணைவியார், என் சின்னத்தை, செங்கோட்டையிலிருந்து வந்தவர். என் உணவு எதிர்வீட்டு முறையில் இருக்கும் மாதங்களிலும், பின்கட்டில் எனக்கென்று ஒரு கிண்ணத்தை மூடி வைத்திருப்பார். "முறைய வயித்துக்கிட்டச் சொல்லிப் பாரு, அது கேக்குதான்னு" என்பார். அவர் வயிற்றில் இரண்டு கருக்கள் தங்காமற் போயின. மூன்றாவது தங்கியது. அதற்காக அவர் ஒன்பது மாதமும் படியேறாமல், உரக்கச் சிரியாமல், எதிர்வீட்டுச் சொற்களுக்கு மறுசொல் கூறாமல் காத்திருந்தார்.

ஆடி மாதப் பிறப்பன்று காலையில் அவருக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"பிள்ளை குறுக்க கெடக்கு. என் கைக்கு அடங்காது. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. நேரங் கடத்தாதிய."

காலை இரயில் போய்விட்டது; அடுத்த இரயில் மாலையில்தான். பேருந்துகளோ பெட்ரோல் இன்றிக் கரிப்புகையில் ஓடி, ஏற்றம் கண்டால் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்பவை. வண்டி ஒன்றே வழி. ஆனால் உச்சிவேளை வரையில் அது பெரிய மாமாவின் முறை.

அவர் அப்போதுதான் அருவியாடித் திரும்பியிருந்தார். ஈரத் தலையோடு முற்றத்தில் நின்றார். தம்பி கைகூப்பியதைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றிய நிறைவை நான் மறக்கவில்லை.

"எடுத்துட்டுப் போலே. நான் என்ன மனுசன் இல்லையா? முறை முடிய இன்னும் பொழுது கெடக்கு, இருந்தாலும் கொண்டு போ. என் ஆயில மட்டும் இறக்கிக்கிடுதேன்."

"அண்ணாச்சி, அவ துடிக்கா."

"துடிச்சாத்தானலே பிள்ளை பொறக்கும்? ஒம்பது மாசம் இருந்த பிள்ளைக்கு ஒரு நாழி இருக்கத் தெரியாதாக்கும்? இஞ்சின் சூடா இருக்கும்போதே இறக்கினாத்தான் முழுசும் வடியும். ஆறிட்டா பாதி உள்ளயே ஒட்டிக்கிடும்."

இரு வீட்டுக்கும் பொதுவான ஓட்டுநர் வண்டிக்கடியில் படுத்துத் திருகாணியைக் கழற்றினார். சின்னத்தையைப் பெண்கள் தாங்கிவந்து பின்னிருக்கையில் சாய்த்துவிட்டனர். அவர் தலைக்கு மேல் மேற்கு மலைச் சாரல் தூவிற்று. அவருக்குக் கீழே எண்ணெய் முதலில் விரல் பருமனாகவும், பின் நூலாகவும், பின் சொட்டாகவும் இறங்கிற்று. நூல் அற்றதும் ஓட்டுநர் திருகாணியை மாட்டப்போனார்.

"பொறுலே. இன்னும் சொட்டுது பாரு."

மருத்துவச்சி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "ஐயா, நல்லாயிருப்பிய! எண்ணெய் வடியுததப் பாத்துக்கிட்டு நிக்கியளே. இங்க தண்ணி ஒடஞ்சு போச்சு."

"ஒனக்கு ஒன் வேலை தெரியும், எனக்கு என் வேலை தெரியும். நீ உள்ள பாரு."

கலயத்தைக் கொணர்ந்தபோது அது பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. ஓட்டுநர் அதனைத் திகைப்போடு சாய்த்துக் காட்டினார். பெரிய மாமா சிறிதும் நாணவில்லை.

"மாட்டுவண்டி அச்சுக்கு மசகு இல்ல, எடுத்தேன். பொது எண்ணெயில பாதி என்னுதுதான? என் பாதிய நான் எடுத்துக்கிட்டேன். இருக்கது தம்பி பாதி. தம்பி வண்டியில போவுது."

அந்தப் பாதி பொறிக்குள் இறங்கிற்று. ஓட்டுநர் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அதன் நுனியில் மட்டும் கருமை இருந்தது. அவர் சின்ன மாமாவின் அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். பின்னிருக்கையின் கதவு திறந்தே இருந்தது.

"சின்ன ஐயா, இது காணாது. நம்ம வீட்டுல புதுத் தகரம் இருக்குல்லா, மேல ஊத்திக்கிடுவோம். திறந்து ஊத்த எம்புட்டு நேரம் ஆவப்போவுது?"

சின்ன மாமா தம் வீட்டை நோக்கி இரண்டடி வைத்தார். பின்னர் நின்றார். கோயிற்பக்கம் செவிசாய்த்தார். மணி இன்னும் ஒலிக்கவில்லை.

"இப்ப அண்ணாச்சி முறைல்லா ஓடுது? அவர் முறையில நான் எண்ணெய் ஊத்தினா, நாளப்பின்ன அதயே வழக்கம்னு எடுத்துக்காட்டுவாரு. ஒருக்கா விட்டுட்டா போச்சு. இருக்கதுல ஓட்டு. திருநெல்வேலில மணி அடிச்சப்புறம் பாத்துக்கிடலாம்."

சின்னத்தை இருக்கையின் விளிம்பைப் பற்றியிருந்த கையை அப்போது எடுத்துவிட்டார்.

நான் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். பாவூர்சத்திரம் வரையில் சாரல் எங்களோடு வந்தது. அதைக் கடந்ததும், எவரோ கத்தரித்தாற்போல் மழை நின்று வெயில் விழுந்தது. அங்கிருந்து கிழக்கே சாரலுக்கு உரிமையில்லை. ஏற்கெனவே பொறிக்குள் ஒரு தட்டல் ஓசை எழுந்திருந்தது.

"ஐயா, நிறுத்தி ஆறவிடணும்" என்றார் ஓட்டுநர்.

"ஓட்டுலே" என்றார் சின்ன மாமா.

அவர் ஓட்டினார். தட்டல் இடியாயிற்று, பின்னர் இரும்பு இரும்பைக் கவ்வும் ஓசை ஒன்று. வண்டி குலுங்கி, சாலையோரப் புளியமரத்தருகே நின்றது. கைப்பிடியைச் செருகி நானும் ஓட்டுநரும் சேர்ந்து சுற்றியும் பொறி அசையவில்லை. "இஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கிட்டு" என்றார் அவர். சின்னத்தையை மரத்தடியில் படுக்க வைத்தோம். மாமா தம் மேல்துண்டை மருத்துவச்சியிடம் கொடுத்துவிட்டு, எதிரே ஏதேனும் வண்டி வருமா என்று கிழக்கே நடந்தார். ஓட்டுநரும் நானும் மாட்டுவண்டி பிடிக்கப் பாவூர்சத்திரத்திற்கு ஓடினோம்.

மாட்டுவண்டியோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. முதலில் கை வந்ததாம். அதற்கப்பால் மருத்துவச்சி கூறியவற்றை எழுத என் எழுதுகோல் மறுக்கிறது. ஆண் மகவு. மேல்துண்டில் சுற்றி வைத்திருந்தாள். சின்னத்தை உயிரோடிருந்தார், விழித்திருந்தார்.

தீட்டுக் கழிந்ததும், பாகம் பிரித்த பழைய நடுவர் மூவரும் முற்றத்தில் கூடினர். மகவைப் பற்றி முறைக்கு இரண்டு சொற்கள் கூறினர். பிறகு வழக்கு தொடங்கிற்று. பொறியைப் பழுது பார்க்கப் பெருந்தொகை ஆகும் என்று பட்டறையில் கூறியிருந்தனர். பழுது பொதுச் செலவுதானே எனலாம். ஆனால், "முறைக்காரன் அசட்டையால் வந்த பழுது முறைக்காரனையே சாரும்" என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்ததை இருவருமே நினைவுறுத்தினர். வண்டி நின்றது உச்சிவேளைக்கு முன்னராயின் பெரிய மாமாவின் முறை. பின்னராயின் சின்ன மாமாவின் முறை. கோயில் மணி அவ்வளவு தொலைவு கேளாது. கடிகாரம் ஒருவரிடமும் இல்லை. மாமா நடந்துகொண்டிருந்தார், நானும் ஓட்டுநரும் ஓடிக்கொண்டிருந்தோம், மருத்துவச்சி தன் கையைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று கூறிவிட்டாள். மரத்தடியில் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர் சின்னத்தை ஒருவரே.

கதவுக்குப் பின்னால் அவரை வரவழைத்தனர். நடுவருள் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாயி, ஒன் மனசு எங்களுக்குப் புரியுது. இருந்தாலும் கேக்க வேண்டியிருக்கு. ஒன்னைப் படுக்க வச்சப்போ மரத்து நிழல் மேக்க சாஞ்சிருந்துதா, கெழக்க சாஞ்சிருந்துதா?"

முற்றம் முழுதும் செவியாயிற்று. கதவுக்கப்பாலிருந்து குரல் நடுங்காமல் வந்தது.

"நெழலப் பத்தி அப்புறம் சொல்லுதேன். என் பிள்ளை யார் முறையில செத்துதுன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் கேளுங்க. 'என் முறையில'ன்னு எவர் சொல்லுதாரோ, வண்டியும் அவர் முறையிலதான் நின்னுது."

நடுவர் இருவரையும் நோக்கினார். சின்ன மாமா தரையைப் பார்த்தார்.

"பிள்ளை வேற, வண்டி வேற" என்றார் பெரிய மாமா. "கேட்டதுக்குப் பதிலச் சொல்லச் சொல்லுங்க."

சின்ன மாமா தலையை உயர்த்தாமலே, "ஆமா, ரெண்டையும் கொழப்பாத" என்றார். அவர்கள் பிரிந்த நாளிலிருந்து ஒருவர் கூற்றை மற்றவர் ஒப்புக்கொண்டது அன்று ஒருமுறைதான்.

கதவு திறந்தது. சின்னத்தை நடுவர்முன் வருதல் வழக்கமன்று, வந்தார். இடுப்பில் ஒரு தகரம். அதை நடுமுற்றத்தில் வைத்தார்.

"இது ஆடி மாசத்து எண்ணெய். மூடி திறக்கல. ஒரு சொட்டும் கொறையல. எல்லாரும் பாத்துக்கிடுங்க."

பெரிய மாமா உண்மையிலேயே குனிந்து மூடியைப் பார்த்தார்.

செலவை ஆளுக்குப் பாதியாக ஏற்கும்படி நடுவர் கூறினர். இருவரும் இசையவில்லை. எருதுகள் இழுத்துவந்த வண்டி, முற்றத்தின் சரிபாதிக் கோட்டில், முன்சக்கரங்கள் ஒரு பக்கமும் பின்சக்கரங்கள் மறுபக்கமுமாக, துருப்பிடித்து மண்ணில் இறங்கும் வரை நின்றது.

மறுநாட் காலை சின்னத்தை தம் பிறந்தகத்திற்குப் புறப்பட்டார். எவரும் தடுக்கவில்லை, எவரும் உடன் வரவுமில்லை. நான் பெட்டியைச் சுமந்து இரயிலடிக்குச் சென்றேன். செங்கோட்டை இரயில் வந்தது. நிழல் எப்பக்கம் கிடந்தது என்பது அவருக்குத் தெரியும். அதனை எவரிடத்தும் அவர் கூறியதில்லை.

இரயில் பெட்டியில் ஏறி அமர்ந்தபின் சாளரத்தின் வழியே என்னைப் பார்த்தார்.

"ஆடி முடிய இன்னும் நாள் கெடக்கேலே. இது எங்க வீட்டு முறைல்லா? எதிர்வீட்டுல ஒனக்குப் போடமாட்டாவளே. எங்க சாப்பிடுவே?"

வண்டி நகர்ந்தது. அந்த மாதம் முழுதும் நான் கோயிற் பிரசாதத்தில் உயிர் வாழ்ந்தேன். ஆவணி பிறந்த அன்று, உச்சிகால மணி ஒலித்ததும், பெரிய மாமாவின் வீட்டில் எனக்கு இலை போட்டார்கள்.