சுண்ணாம்புக்கு அடங்காத சுவர்

செத்துப்போன மாணவன் ஒருவன் கல்லூரி நூலகச் சுவரில் எழுதுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. சுண்ணாம்பு அடித்து மூடினால், சில நாளில் அதே எழுத்து அதே இடத்தில் மேலே வருகிறதாம். ஒரே ஒரு வரிதான்: "அந்த மேஜை யாருக்கு?" பேய் என்றால் பழிவாங்கும், கழுத்தைப் பிடிக்கும். கேள்வி கேட்கிற பேயை நான் கேள்விப்பட்டதில்லை. உயிரோடு இருப்பவர்களே கேட்பதை விட்டுவிட்ட காலத்தில் இப்படி ஒரு பேயா, பத்திரிகைக்கு எழுதலாமே என்று பார்க்கக் கிளம்பினேன்.

எழுத்து இருக்கத்தான் செய்தது. வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பாக, ஆறாத தழும்பு மாதிரி. தொட்டேன். வெயிலில் இளகிய தார் விரலில் ஒட்டியது. பேய்க்குத் தார் எங்கே கிடைத்தது என்று வாசல் காவலாளியைக் கேட்டேன்.

"பெயின்டரைப் போய்க் கேளுங்க. நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டு வேலையை விட்டுப் போயிட்டாரு. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி வீடு."

இரண்டு அறை வீடு. வராந்தாவில் காய்ந்துபோன பிரஷ்கள் தலைகீழாகத் தொங்கின. பெயின்டர் இடதுகைக்காரர். அவர் எழுத்து பின்பக்கமாகச் சாயும், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவன் மாதிரி. மீசை கறுப்பாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வகுப்பறை எண்கள், 'அமைதி காக்கவும்', 'இங்கே துப்பாதீர்', எல்லாம் அவர் கைதான். மாணவர் தேர்தல் வந்தால் இரண்டு கட்சியும் அவரைத்தான் கூப்பிடும். காலையில் ஒருத்தனுக்கு வாழ்க, சாயங்காலம் அதே ஆளுக்கு ஒழிக. தேர்தல் முடிந்ததும் பிரின்சிபால் உத்தரவு, இரண்டையும் பெயின்டரே அழிப்பார்.

"எல்லாருக்கும் நான்தான் சார் எழுதினேன். எழுத்துப்பிழைன்னு ஒருத்தரும் வந்து நின்னதில்ல. கொள்கையில பிழை இருந்திருக்கலாம், அது என் பொறுப்பில்ல."

அவர் மனைவி இறந்து நாளாயிற்று. ஒரே மகள், அதே கல்லூரியில் கடைசி வருஷம். சின்ன வயதிலேயே, அப்பா கோடு போட்டுக் கொடுக்கும் எழுத்துக்குள் வண்ணம் நிரப்பிப் பழகியவள். அவள் வலதுகைக்காரிதான். எழுத்து மட்டும் அப்பாவுடையது.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி மேஜை, கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்து இலவசச் சாப்பாட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு. கணக்குப் பார்க்க வசதியாம். மேலே ஒரு பலகை: 'இந்த மேஜை ஒதுக்கப்பட்டது'. அதை எழுதியதும் பெயின்டர்தான். அந்த மேஜைப் பையன்களில் ஒருவனுக்குத் தடிமனான கண்ணாடி. எல்லோரும் கூப்பிட்டது சோடாபுட்டி. ஒருநாள் அவன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜையில் போய் உட்கார்ந்தான். வார்டன் எழுப்பியபோது, "அப்ப அந்த மேஜை யாருக்கு சார்? ஏன்?" என்று கேட்டிருக்கிறான். ஒழுங்கீனம் என்று விடுதியிலிருந்து நீக்கினார்கள். பெட்டியோடு இரண்டு மாணவர் கட்சி அறைக்கும் ஏறி இறங்கினான். தேர்தல் முடியட்டும் தம்பி என்றார்கள். அவன் தண்டவாளத்துக்குப் போய்விட்டான். அதன் பிறகு இரண்டு கட்சியும் அவன் படத்தைப் போட்டு ஊர்வலம் விட்டன. உயிரோடு இருந்தபோது உட்கார நாற்காலி கொடுக்காதவர்கள், செத்ததும் அவன் எங்கள் ஆள் என்று அடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் சுவரில் அந்தக் கேள்வி. அழிக்கப் பெயின்டரைக் கூப்பிட்டார்கள்.

"பார்த்ததும் ஏணியை விட்டு இறங்கிட்டேன் சார். என் எழுத்து. ஆனா நான் எழுதல. வீட்டுக்கு வந்து பார்த்தா, கூரை ஒழுகலுக்கு வாங்கின தார் டப்பா காலி."

மகளிடம் கேட்கவில்லை. சுண்ணாம்பு அடித்தார். எழுத்து வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி வந்தது.

"தார் மேல சுண்ணாம்பு நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"சுண்ணாம்பு அடின்னாங்க. அடிச்சேன்." மூக்கைச் சொறிந்துகொண்டார்.

கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டார்.

"இந்தச் சுவர்ல எவன் கை எதுன்னு உனக்குத் தெரியாததா? சொல்லுப்பா."

"தெரியலைங்கய்யா."

"சரி, எல்லாப் பரீட்சைப் பேப்பரையும் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கச் சொல்றேன். ஆள் சிக்கினா அன்னிக்கே வெளியே. பரீட்சையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

பரீட்சைப் பேப்பரில் மகளின் எழுத்தும் இருக்கும் என்று பெயின்டருக்கு உறைத்தது. "நான்தாங்கய்யா எழுதினேன்."

பிரின்சிபால் சிரித்தாராம். "உனக்கு எதுக்குப்பா இந்தப் புரட்சியெல்லாம்?"

"நம்பலேன்னா மெஸ்ஸுல என் பலகை இருக்கு. கழட்டிட்டு வந்து வெச்சுப் பாருங்க."

கழற்றிக் கொண்டுவந்தார்கள். அதிலும் 'மேஜை', இதிலும் 'மேஜை'. இரண்டும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தன. பிரின்சிபாலுக்குப் போன உயிர் வந்தது. மாணவர் யாருக்கும் சம்பந்தமில்லை, வெளிச்சக்தியின் சதி என்று அன்றே அறிவிப்பு ஒட்டினார். காலையில் பணியாளராக உள்ளே போன மனிதர், மாலையில் வெளிச்சக்தியாக வெளியே வந்தார்.

"போகும்போது ஒண்ணு மட்டும் கேட்டேன் சார். பொண்ணு பரீட்சை எழுதணும்னு. 'அவ என்னப்பா பண்ணா, பாவம், எழுதட்டும்'னாரு."

ஒரு கட்சி அவரைக் கைக்கூலி என்றது. இன்னொன்று மாவீரன் என்றது. மாவீரன் என்ற அந்த வாசகத்தையும் அவரே வந்து இலவசமாக எழுதித் தரவேண்டும் என்று கேட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"சார், இவரைக் கேளுங்க. பலகை எழுதினதும் இவரு, அதைக் கேள்வி கேட்டதும் இவருன்னு ஆயிடுச்சு. அப்ப நான் யாரு?"

"மெதுவாப் பேசும்மா. பரீட்சை முடியட்டும்."

"எல்லாரும் அவன்கிட்டயும் அதைத்தான்பா சொன்னாங்க. தேர்தல் முடியட்டும், அது முடியட்டும், இது முடியட்டும். எனக்கு முன் பெஞ்சுப்பா அவன்."

பெயின்டர் ஒரு பிரஷ்ஷை எடுத்து, தேவையே இல்லாமல், அதன் முடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அப்பாவோடு அவள் பேசுவது அநேகமாக அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மகளின் சான்றிதழ் கைக்கு வந்தபிறகுதான் இது அச்சில் வரவேண்டும் என்பது பெயின்டர் போட்ட நிபந்தனை. அவள் போட்ட நிபந்தனை, யார் எழுதியது என்பதை மறைக்காமல் போடவேண்டும் என்பது. சான்றிதழ் போன வாரம் வந்தது.

பலகை இன்னும் பிரின்சிபால் அறையில், சாட்சியாக. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைக்கு மேலே இரண்டு ஆணித் துளைகள்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் அதே மேஜையில்தான் உட்காருகிறார்கள். யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லத் தேவையும் இல்லை.

அன்று நான் கிளம்பும்போது பெயின்டர் தயங்கி, "கல்லூரி எனக்கு வேற ஒண்ணும் தரவேண்டாம் சார். ஏணி மட்டும் உள்ள மாட்டிக்கிச்சு. என் சொந்த ஏணி. கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

கேட்டேன். வெளிச்சக்தியை உள்ளே விடக்கூடாது, கடிதம் இல்லாமல் ஏணியை வெளியே விடக்கூடாது என்று காவலாளிக்கு உத்தரவாம். "நான் என்ன சார் பண்றது?" என்று கைவிரித்தார். அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். புதிய பெயின்டர் அந்த ஏணியில் நின்று நூலகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான்.