ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி, கல்லில் இரண்டு பெயர்

ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவர் கானா நாட்டுக்காரர். நாங்கள் பேசுவது உடைந்த டொச், ஜேர்மன் மொழி. ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நிற்கிறது.

அவருடைய ஊரில் ஆஸ்பத்திரி ஒன்று கட்டி முடித்துப் பூட்டிக் கிடந்தது. கட்டத் தொடங்கிய கட்சி தேர்தலில் தோற்றுவிட்டது. அங்கே மாவட்டத் தலைவரை நியமிப்பது ஜனாதிபதி. ஆட்சியோடு மாவட்டத் தலைவரும் மாறிவிட்டார். திறப்புவிழாக் கல்லில் தன் பெயர்தான் வர வேண்டும் என்று புதியவர் நின்றார். பழையவர் தன் பெயரை ஏற்கெனவே பதித்துவிட்டார். திறக்கும்வரை தாதிமாரும் வரமாட்டார்கள்.

"ஆரின்ரை பேர் எண்டு சண்டை. என்ரை தங்கச்சி அந்தக் கல்லிலையோ பிள்ளை பெறுறது?" என்றார். தங்கச்சிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அப்பால்; மழைக்குப் படகு ஓடாது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், "வாங்கோ அண்ணை, சாப்பாடும் இருக்கு, சண்டையும் இருக்கு" என்று தங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். 'அண்ணை' மட்டும் என்னிடம் பழகிய சொல். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம். நடு மேசையில் கைபேசி; அதற்குள் அவர்கள் வட்டாரத்து மாவட்டச் சபை உறுப்பினர். ஞாயிறு தோறும் அழைத்துத் திட்டுவது வழக்கமாம். நண்பர் என் காதுக்குள் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தலையில் பளபளவென்று துணி கட்டிய ஒரு பெண் கைபேசியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கே கதை விடுறியோ?"

"அக்கா, கொஞ்சம் கேளுங்கோ அக்கா" என்று உறுப்பினர் கெஞ்சினார்.

வயிறு எரியுது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்களே, எனக்கு அப்படியே எரிந்தது. பதவியில் இருக்கிற ஒருவன் என்னிடம் எப்போதாவது கெஞ்சியிருக்கிறானா? வாக்குப்போடும் வயது வருமுன்னே ஊரை விட்டு வந்தவன் நான். இங்கே விசாதான். தேர்தல் காலத்தில் கடை வாசலில் பேனை கொடுக்கிற கட்சிக்காரர், எனக்கு வாக்கில்லை என்றதும் பேனையை என் கையில் விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

கடைசியில் நண்பர் கைபேசியை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை. "கல்லிலை ரெண்டு பேரின்ரை பேரையும் போடு. ரிப்பனை ஆளுக்கொரு பக்கம் வெட்டட்டும். இல்லாட்டி எங்கடை வீட்டுப் பக்கம் வாக்குக் கேட்டு வராதை."

"கேட்டுப் பாக்கிறன்."

"கேட்டுப் பாக்காதை. செய்."

மழை பிடிக்குமுன் ஆஸ்பத்திரி திறந்தது. தங்கச்சி அங்கேயே பெண்பிள்ளை பெற்றாள். நண்பர் வேலைக்கு ஆட்டிறைச்சியும் சோறும் கொண்டுவந்தார். வாழ்த்துச் சொல்லி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

வீட்டில் மனைவியிடம், "அவங்களுக்குச் சொன்ன உடனை எல்லாம் நடக்குது" என்றேன்.

"சொன்ன உடனையோ? ஞாயிறு தோறும் தொண்டை கிழியக் கத்தினவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நீங்கள் ஆரோடை கத்தினனீங்கள்?"

"நான் ஆரோடை கத்த? எனக்கு வாக்கே இல்லையே."

"அப்ப குடியுரிமைக்கு அலுவலகத்திலை நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுங்கோவன். எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!"

அவள் குடியுரிமை எடுத்துக் கனகாலம். தேர்தல் நாளில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாக்குப்போட உள்ளே போவாள். நான் அவளுடைய குடையைப் பிடித்தபடி வெளியே நிற்பேன்.