பாதிப் படத்தில் எழுந்த அம்மா

பச்சை ஒயர்கூடை என் மடியில் இருந்தது. அதற்குள் அம்மாவின் இரண்டு சேலைகள், என் பாவாடை சட்டைகள், அடியில் மடித்து வைத்த என் பள்ளி மாற்றுச் சான்றிதழ். நாமக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த சினிமாக் கொட்டகையில் மதியக் காட்சி. பாலத்தில் ஒரு லாரி நிற்கிறது, மழை கொட்டுகிறது, கதாநாயகி தூக்குவாளியோடு ஓடுகிறாள். காய்ச்சலில் எனக்குக் கண் சொருகிவிட்டது. அம்மா மணிக்கட்டைப் பிடித்து எழுப்பியபோது திரை ஒரு கணம் வெள்ளையாக இருந்ததாக நினைவு. "எந்திரி சாமி, போலாம்" என்றாள். மறுபடி நான் கண் விழித்தது சேந்தமங்கலத்தில், எங்கள் வீட்டில்.

அப்பா அம்மாவை அடிப்பார். அன்று அவள் ஒரேயடியாகக் கிளம்பியிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு யாராவது ஊர் சுற்றிப் பார்க்கப் போவார்களா? பரமத்தி வேலூரில் பெரியம்மா வீட்டுக்குத்தான் போக இருந்தோம். அவள் வெற்றிலைத் தோட்டத்து வேலை முடிந்து சாயங்காலம்தான் வீடு திரும்புவாள். அதுவரை பொழுது போக வேண்டுமே என்றுதான் சினிமாவுக்குள் நுழைந்தோம். பிறகு ஏன் திரும்பி வந்தாள்? எத்தனை முறை கேட்டாலும் "படஞ் செரியில்ல சாமி" என்பதோடு முடித்துக்கொள்வாள். நான் கல்லூரியில் இருந்தபோது இறந்தும் போனாள். அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

அதனால்தானோ என்னவோ, பாதி மறந்துபோன படங்களையும் தொடர்களையும் தேடித் தரும் இணையக் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். சில வருடங்களில் அதை நடத்துபவர்களில் ஒருத்தியும் ஆனேன். "மருமகள் பாயசத்தில் உப்பைக் கொட்டுவாளே, எந்தத் தொடர்?" என்று யாரோ கேட்பார்கள். அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் போனுமாகத் தேடுவேன். கிடைத்ததும் கேள்வியின் மேல் 'தீர்ந்தது' என்று குறியிடுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஆபரேட்டர் அண்ணன் அந்தக் குழுவுக்கு வந்தது எங்களுக்கெல்லாம் புதையல் கிடைத்த மாதிரி. நாமக்கல்லில் அதே கொட்டகையில் காலமெல்லாம் படம் ஓட்டியவர். பல படங்களுக்கு இன்று பிரதியே கிடையாது. அவருக்கோ ரீலுக்கு ரீல் நினைவிருந்தது. பிரதி இல்லாத படமென்றால், பார்த்தவர் ஒருவர் சாட்சி சொன்னாலே கேள்வி தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தோம். அவரை நம்பி அந்த விதியை எழுதியது நான்தான்.

கடைசியில் என் கேள்வியையும் போட்டேன். கொட்டகை, பாலம், மழை, கூடை, பாதியில் எழுந்த அம்மா என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். அன்றே அண்ணன் போனில் அழைத்தார். "ஏனுங்க அம்மிணி, அம்மா பேரென்னங்க? எந்த ஊருங்க?" சொன்னேன். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் படத்தின் பெயரைச் சொன்னார், பிரதி இல்லை என்றார், கதையையும் சொன்னார். தூக்குவாளியோடு ஓடியவள் ஆஸ்பத்திரியில் புருசனைப் பார்க்கிறாள். அடித்த கையைக் காட்டி அவன் அழுகிறான். அவள் மன்னித்துவிடுகிறாள். "அந்தக் கட்டத்துல கொட்டாயில பாதிப் பொம்பளைங்க எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாங்க சாமி" என்றார். போனைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அம்மா அப்பாவை மன்னித்துத்தான் திரும்பியிருக்கிறாள்!

அம்மா போன பிறகு நான் அப்பாவோடு பேசியதே இல்லை. அந்த வாரமே சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். தனியாகக் கிடந்தவரைக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முன்னறையை ஒழித்துக் கொடுத்தேன். அம்மாவின் பச்சைக் கூடையில்தான் அவருடைய மாத்திரைகளை வைத்தேன். அவளே மன்னித்த பிறகு எனக்கென்ன வீம்பு என்று நினைத்தேன்.

போன மாதம் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை முழுசாக இணையத்தில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாலம் வந்தது, மழை வந்தது. தூக்குவாளியோடு ஓடியவள் லாரிக் கிளீனருக்குச் சோறு கொடுத்தாள், இரண்டு பேரும் பாடினார்கள். ஆஸ்பத்திரியும் இல்லை, அழுத புருசனும் இல்லை. கடைசிவரை பார்த்தேன். அது ஒரு சிரிப்புப் படம்.

அண்ணனை அழைத்தேன். மறுக்கவில்லை. "அம்மிணி, அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வல்லீங்க. எதோ ஒண்ணு சொன்னேனுங்க." நான் கொடுத்த நூலிலேயே எனக்கொரு சேலை நெய்து போர்த்தியிருக்கிறார். எரிச்சலாக வந்தது. போனை வைத்துவிட்டு, அம்மா எழுந்த இடம் எது என்று பார்க்க அந்தப் பாட்டை மறுபடி ஓடவிட்டேன்.

சத்தம் கேட்டு அப்பா வந்து பின்னால் நின்றார்.

"இது நாமக்கல் கொட்டாயில ஓடுன படமில்ல சாமி? அங்கிருந்துதான ஒங்கம்மாளக் கூட்டியாந்தேன்."

"நீங்க வந்தீங்களாப்பா?"

"பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரன் சொன்னான். அந்த இருட்டுல எங்கன்னு தேடறது? ஆபரேட்டருகிட்டப் போயி, அவ பேரெழுதிப் போடுன்னேன். மாட்டேன்னான். காச்சக்காரப் புள்ளயத் தூக்கிட்டு ஓடியாந்துட்டான்னேன். படத்த நிறுத்திப் பேரப் போட்டுட்டான். ரெண்டே நிமிசம், வெளிய வந்துட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தக் காலத்துக் கொட்டகைகளில் அது வழக்கம்தான். யாரையாவது அவசரமாக அழைக்க வேண்டுமென்றால் கண்ணாடித் துண்டில் மையால் பெயரும் ஊரும் எழுதித் திரையில் காட்டுவார்கள். நான் வெள்ளையாகக் கண்டது அம்மாவின் பெயரை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவள் என்னை இழுத்துப் போயிருக்கிறாள். அவள் யாரையும் மன்னிக்கவில்லை, பிடிபட்டாள்.

அண்ணனை மறுபடி அழைத்தேன். "அம்மா பேரெழுதிப் போட்டது நீங்கதானுங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க சாமி" என்றார். அன்று அவர் விவரம் தெரியாமல் எழுதியிருக்கலாம். ஆனால் என் கேள்வியைப் படித்து, பெயரும் ஊரும் கேட்டு, இரண்டு நாள் யோசித்து அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைச் சொன்னாரே, அது தெரிந்தே செய்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அம்மா கொடுக்காத மன்னிப்பை அவள் பெயரில் கொடுத்துவிட்டார். அப்பாவின் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவர் ஒருநாளும் தன்னை நல்லவர் என்று என்னிடம் சொன்னதில்லை.

குழுவில் என் கேள்வியின் மேலிருந்த 'தீர்ந்தது' குறியை எடுத்தேன். அண்ணன் சாட்சியில் மூடிய மற்றவர்களின் கேள்விகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். "காப்பி வெக்கறயா சாமி?" என்று அப்பா முன்னறையிலிருந்து கேட்டார். எழுந்து அங்கே போனேன். பச்சைக் கூடையிலிருந்த மாத்திரைகளை எடுத்து அவர் கட்டிலின் மேல் வைத்தேன். கூடையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.