கதவடியில் ஊற்றிய டீ

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனாலேயே சாலைக் கடைத்தெருவில் இன்னொருவர் டீக்கடையில் பல வருடம் கிளாஸ் கழுவினேன். சொந்தமாகக் கடை வைக்கக் கிடைத்தது ஒரே ஒரு இடம். முன்பு அங்கே டீக்கடை வைத்திருந்தவர் பின்னறையில் இறந்துகிடந்தாராம்.

மத்தியானம் மனைவியோடு பார்க்கப் போனேன். பூட்டிய பின்னறைக்குள் கிளாசில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது.

"வேண்டாம் செல்வி, போயிருவோம்."

"டீதான கலக்குதாரு? கத்தியா தீட்டுதாரு? இன்னும் எத்தன வருசம் அடுத்தவன் கிளாஸ கழுவுவிய?" என்றாள். ஆனால் அவளும் அந்தக் கதவுப் பக்கம் போகவில்லை.

இடத்துக்குச் சொந்தக்காரியான மலையாளச் சேச்சி சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, முன்பக்கம் மட்டும் எடுத்தா போதும், கேட்டோ. அந்தக் கதவ தொறக்கண்டா."

கதவுக்குக் குறுக்கே பலகை அடித்த பிறகே கடை எடுத்தேன். முதல் டீயைத் தெருவில் ஊற்றுவது டீக்கடை வழக்கம். கடை திறந்த அன்றும் சத்தம் கேட்டதால், அந்த டீயைப் பின்னறைக் கதவடியில் ஊற்றினேன். டீ மெல்ல உள்ளே ஓடியது. சத்தம் நின்றது.

பயம் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்கென்று ஒரு கடை இருந்திருக்காது. பயமே இல்லாதிருந்தால் அந்தக் கதவைத் திறந்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இப்போதும் துணிவில்லை.