பின்னங்காலைப் பிடித்தவன்

மதியம் சங்கு ஊதினால் என் கைகள் தானாக மூடிக்கொள்கின்றன. டீக்கடையில் இருந்தால் டம்ளரை முன்பே கீழே வைத்துவிடுவேன். யாராவது எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவேன். சங்கு நின்ற கொஞ்ச நேரத்தில் வெடி வெடிக்கும். தரை ஒருமுறை அதிரும், அலமாரியில் பாத்திரம் கிலுகிலுக்கும். அதற்குப் பிறகுதான் விரல்கள் பிரியும்.

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்களில் இது தினமும் நடப்பது. கல்லுக்கு வெடி போடுவதற்கு முன் எச்சரிக்கையாக ஊதும் சைரனைத்தான் நாங்கள் சங்கு என்போம். வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டு எழுந்து நிற்பார்கள். நாங்கள் சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்போம். எங்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை.

எங்கள் மக்காச்சோளக் காட்டை ஒட்டி, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய பள்ளம் ஒன்று இருக்கிறது. அடியில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் சீமைக்கருவேலம். காட்டுப்பன்றிகளுக்கு அதுதான் வீடு. கதிர் பால் பிடித்ததும் மேலே ஏறிவிடும். தின்பது கொஞ்சம், சாய்ப்பது நிறைய. வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டினோம். சலூனிலிருந்து முடி அள்ளி வந்து போட்டோம். வெடி போட்டோம். எங்களைப் போலவே அவையும் வெடிக்குப் பழகியிருந்தன.

பன்றியைப் பிடிப்பது சட்டப்படி தவறு என்று தெரியும். தெரிந்துதான் பிடித்தோம். கட்டித் தூக்கிப்போய்த் தூரத்தில் விட்டுவிடுவதாக வெளியே சொல்லிக்கொள்வோம். எல்லாவற்றையும் விட்டோம் என்று சொல்ல முடியாது.

நாங்கள் என்றால் இரண்டு பேர். நானும் என் தங்கையின் வீட்டுக்காரரும். மாப்பிள்ளை கல் லாரி ஓட்டியவர். ஊரில் அவர் கேலி செய்யாத ஆள் கிடையாது. நாய்கள் அவருடையவை. ஆலையில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டுகளை வாங்கி வந்து, நாயின் கழுத்தையும் மார்பையும் மூடுகிறமாதிரி வெட்டித் தைத்து மாட்டுவார். பன்றி கீழிருந்து மேலாகத்தான் கிழிக்கும். அதனால் மார்பில் இரண்டு அடுக்கு வைப்பார்.

பெரிய பன்றியிடம் அவசரப்படக் கூடாது. நாய்களின் குரைப்பு ஓடிக்கொண்டே இருந்தால் பன்றியும் ஓடுகிறது. குரைப்பு ஒரே இடத்தில் நின்றால் பன்றி நின்றுவிட்டது. அப்போதும் கிட்டே போகக் கூடாது. இரண்டு நாயும் ஆளுக்கொரு காதைக் கவ்வ வேண்டும். ஒரு காது மட்டும் அகப்பட்டால் தலை மறுபக்கம் திரும்பும், அந்தப் பக்கம் நிற்கிறவன் தொலைந்தான். இரண்டு காதும் அகப்பட்ட பிறகு ஒருவன் பின்னால் வந்து இரண்டு பின்னங்கால்களையும் கணுவுக்கு மேலே பிடித்து, குளம்பு தரையில் படாமல் தூக்கிவிட வேண்டும். சித்தாள் ஒற்றைச் சக்கர மணல் வண்டியைத் தூக்குகிற மாதிரி. பின்கால் ஊன்றாத பன்றிக்குப் பாயப் பலம் வராது. இன்னொருவன் முன்னால் போய்ச் சாய்த்து, தோளில் முட்டி போட்டுக் கட்ட வேண்டும்.

பின்னங்கால் என் வேலை. பிடித்தவனுக்குப் பன்றியின் பின்புறமும் தன் காலும் தவிர வேறு ஒன்றும் தெரியாது. முன்னால் நடப்பதைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் பிடி தளரும். அதனால் முன்னால் இருப்பவர் "விடுங்க" என்று சொல்கிறவரை விடக் கூடாது. நாய்களை விலக்கி, கட்டி முடித்து, கடைசியில்தான் கால்.

"என்னை ஏன் மாப்ள பின்னாடி நிறுத்துறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேசத் தெரியாதவரைப் பின்னாடிதான நிறுத்தணும். முன்னாடி வந்தா பன்னிகிட்ட என்ன பேசுவீங்க?"

கைலி காலில் சிக்கும் என்று அவிழ்த்து வைத்துவிட்டு டவுசரோடு வரச் சொல்வார். நான் சுற்றும்முற்றும் பார்ப்பேன். "பன்னி பாத்தா வெக்கமில்லீங்க மச்சான், வாங்க" என்பார்.

அந்த வருஷம் ஒற்றைப் பன்றி ஒன்று வந்தது. தனியாகத் திரியும் கிடா. அப்போது எங்களிடம் மிஞ்சியிருந்த கருப்பு நாய் மட்டும் அதற்குப் போதாது என்று மாப்பிள்ளை அரும்பாவூர்ப் பக்கம் போய்ச் செவலை ஒன்றைக் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் பன்றி பார்த்த நாய். பல்லைப் பார்த்தோம், காலைப் பார்த்தோம், காதைக் கவ்வினால் விடுகிறதா என்று பார்த்தோம். அது வந்து சேர்ந்தது ஒரு சாயங்காலம். மறுநாள் மதியத்துக்கு முன்பே காட்டில் குரைப்பு கேட்டது. மாப்பிள்ளை கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"சோறு வடிச்சிட்டேன், வெரசா வாங்க" என்றாள் தங்கை.

"உங்கண்ணன் பேசி முடிச்சதும் வந்துடுறோம்" என்றார்.

குரைப்பு காட்டின் நடுவில் நின்றிருந்தது. கருப்பு இடது காதில், செவலை வலது காதில். என் நெஞ்சு உயரம் இருந்தது பன்றியின் முதுகு என்று இப்போது தோன்றுகிறது. இருந்திருக்காது. பின்னால் போய்க் கால்களைப் பிடித்துத் தூக்கினேன். சொரசொரப்பான சூடு. கைக்குள் அதன் நரம்பு துடித்தது. மாப்பிள்ளை முன்னால் மண்டியிட்டுக் கயிற்றை அவிழ்க்கும் சரசரப்பு கேட்டது.

அப்போது சங்கு ஊதியது. இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்கும். இரண்டு பேருமே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கருப்புகூட அசையவில்லை. அரும்பாவூர் நாய்க்கு அந்தச் சத்தம் தெரியாது என்பது, எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காத விஷயம்.

வெடி வெடித்தது. தரையின் அதிர்வு பன்றியின் கால் வழியாக என் கைக்கு வந்தது. செவலை காதை விட்டுவிட்டு ஓடியது. நான் பார்க்கவில்லை. சோளத் தட்டைகளுக்குள் அது ஓடும் சத்தத்தைக் கேட்டேன். பன்றியின் உடம்பு வலது பக்கமாக முறுக்கியது. முன்னால், களைத்துப்போனவர் தரையில் உட்காருகிற மாதிரி ஒரு சத்தம்.

"மாப்ள."

"விட்டுறாதீங்க மச்சான்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "தொடையில."

விட்டால் பன்றி அவர் மேல்தான் போகும். அவரைப் பார்த்துத்தான் அதன் தலை இருந்தது. அதைத் திருப்பாமல் விட முடியாது. தூக்கிய கால்களோடு பின்னோக்கி இழுத்தேன். முன்னங்கால்களை ஊன்றி அது எதிர்த்தது. கருப்பு ஒற்றைக் காதில் தொங்கிக்கொண்டே கூட வந்தது. தட்டைகள் முறிந்தன. பள்ளத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. ஆள் வரட்டும் என்று சத்தம் போட்டேன். அப்படி நான் கத்தியது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை. வெடி நேரத்தில் சிவப்புக் கொடி காட்டி அந்தப் பாதையில் ஆட்களை நிறுத்திவிடுவார்கள். யாரும் இல்லை.

"மாப்ள" என்றேன். "ம்" என்றார். கொஞ்சம் தள்ளி மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை.

பன்றியின் தலை பள்ளத்தைப் பார்த்ததும் கருப்பை விலகச் சொன்னேன். அது மாப்பிள்ளை குரலுக்கு மட்டும் கட்டுப்படும். கவ்வியபடியே இருந்தது. நான் விட்டுவிட்டேன். பன்றி கருப்போடு சரிவில் இறங்கி முள்ளுக்குள் போய்விட்டது. சில நாள் வரைக்கும் பள்ளத்தில் குரைப்பு கேட்கிறது என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் தொடையை அமுக்கிக்கொண்டு கிடந்தார். மண் நனைந்திருந்தது. துண்டைக் கிழித்து மேலே இறுக்கிக் கட்டினேன். என் கைகள் சரியாக மடங்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் சொல்லாமயே விட்டுட்டீங்களா மச்சான்" என்றார்.

வழக்கமாகக் கேலி செய்யும்போது ஒரு பக்கம் வாயைக் கோணுவார். அப்போது கோணினாரா, வலியா, எனக்குத் தெரியவில்லை. கொடி இறங்கியதும் வந்த முதல் லாரியில் ஏற்றினோம். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போய்விட்டார்.

செவலை இரண்டு நாள் கழித்துத் தானாக வந்தது. நான் கல்லை எடுத்தேன். தங்கை வந்து என் கையிலிருந்து கல்லை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, அதற்குச் சோறு வைத்தாள். இன்றும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. சங்கு ஊதும் முன்பே அதற்குத் தெரிந்துவிடுகிறது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் நானும் டம்ளரைக் கீழே வைக்கப் பழகினேன்.

எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று எல்லோரும் கேட்டார்கள். முன்பே விட்டிருந்தால் அவர் அங்கேயே செத்திருப்பார் என்று அவர்களே சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தும், தட்டைகளுக்கு நடுவே நடக்கும்போது பின்னால் ஒரு ஆள் மண்டியிட்டிருப்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

தங்கை மட்டும் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். போன மாதம் கொடியில் காய்ந்த சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த முனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

"கடைசியா என்னண்ணே சொன்னாரு?"

சொன்னேன். அவள் சேலையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டாள்.

"அது அவரு பேச்சுதான்" என்றாள். "கல்யாணத்தன்னிக்கி என் கையைப் புடிச்சப்பவும் இப்படித்தான் எதையோ சொல்லி உசுர வாங்குனாரு."

செவலை எழுந்து கட்டிலுக்கு அடியில் போனது. சங்கு ஊதியது. வெடி வெடித்தது. அவள் சேலையை மடித்தபடி என்னிடம் வந்து, என் கையிலிருந்த முனைக்காகக் கை நீட்டினாள்.

"விடுங்கண்ணே" என்றாள்.

பிடித்துக்கொண்டே நின்றேன்.

"நாந்தான் சொல்றேன்ல. விடுங்க."